கையெழுத்தைத் தேடி
படங்கள் நிறைந்த அபூர்வ நூல்களின் முதல் பதிப்புகளைச் சேகரிப்பவர்களின் உலகத்தில் ஆசை, ஏமாற்றம், அவ்வப்போது அதிர்ஷ்டம்

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அவர் சொன்னார்: "பால்பாயிண்ட்."

அந்த ஒரு சொல்லில் என்னுடைய 14,000 ரூபாய் போயிற்று. டெல்லியில் ஒரு பழைய புத்தகக் கடையில் (பெயர் வேண்டாம்) வாங்கியது அது. நியூயார்க்கில் மாக்மில்லன் நிறுவனம் 1918இல் வெளியிட்ட தாகூரின் 'கீதாஞ்சலி அண்ட் ஃப்ரூட் கேதரிங்.' நந்தலால் போஸ், அவனீந்திரநாத் தாகூர், சுரேந்திரநாத் கர் முதலானோரின் ஓவியங்கள் கொண்ட பதிப்பு. தலைப்புப் பக்கத்தில் கவியின் பெயர் சாய்வாக, நீல மையில். கடைக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிய விதத்திலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். மீதிப் பாதியை வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் நானே விழுந்தேன்.

தாகூர் இறந்தது ஆகஸ்ட் 1941இல். பால்பாயிண்ட் பேனா உலகச் சந்தைக்கு வந்ததே 1940களின் நடுவில்தான். சித்தரஞ்சன் பார்க்கில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்காளிப் பேராசிரியர் லென்ஸை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஊற்றுப் பேனாவின் மை காகிதத்தின் நாருக்குள் இறங்கும், ஓரங்களில் லேசாகக் கசியும். அழுத்தும் இடத்தில் கோடு தடிக்கும், எடுக்கும் இடத்தில் மெலியும். என் புத்தகத்தில் இருந்ததோ ஒரே தடிமனில் ஓடிய கோடு, பள்ளம் பறித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்தைத் திருப்பித் தடவினால் விரலுக்கே தெரிந்தது.

"புத்தகம் அசல். கையெழுத்து மட்டும்தான் போலி. அதுதான் கஷ்டம்" என்றார் அவர். வெறும் புத்தகமாக இருந்திருந்தால் அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. யாரோ ஒருவர் அதைக் கூட்டுவதாக நினைத்துக் குறைத்துவிட்டார். அந்த மையை அழிக்கவும் வழியில்லை.

கையெழுத்துள்ள முதல் பதிப்பு, அதிலும் ஓவியங்கள் கொண்ட நூல் என்பது மூன்று அபூர்வங்கள் ஒரே அட்டைக்குள் வந்து சேர்வது. முதல் அச்சில் எப்போதுமே பிரதிகள் குறைவு. லண்டனில் இந்தியா சொசைட்டி 1912இல் வெளியிட்ட ஆங்கில கீதாஞ்சலியின் முதல் பதிப்பு மொத்தம் 750 பிரதிகள்தான். அவற்றில் விற்பனைக்கு வந்தவை 250. ரோதன்ஸ்டைன் வரைந்த தாகூரின் உருவப்படம் முகப்பில் இருக்கும். அடுத்த ஆண்டு நோபல் பரிசு வந்தபிறகு சாதாரணப் பதிப்புகள் உலகமெங்கும் ஓடின. சேகரிப்பாளர்கள் தேடுவது அவற்றை அல்ல.

இந்தியாவில் இந்த மூன்றுக்கும் தனித்தனி எதிரிகள் இருக்கிறார்கள். கரையானையும் இராமபாணத்தையும் சொல்லவே வேண்டாம். கல்கத்தாவின் ஈரக்காற்று பளபளப்புக் காகிதத்தில் அச்சிட்ட வண்ணப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். பிரித்தால் இரண்டும் போகும். அடுத்த எதிரி நம் பைண்டர். நல்லெண்ணத்தோடு புத்தகத்தின் மூன்று பக்கமும் ஓரம் வெட்டி, அசல் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, காலிகோ துணியில் கெட்டியாகத் தைத்துத் தருவார். ஐம்பது ஆண்டு உழைக்கும். முதல் பதிப்பு என்ற தகுதி அந்தக் கத்தியிலேயே போய்விடும். மேலட்டை உறையை நம் வீடுகளில் யாருமே வைத்துக்கொண்டதில்லை. குழந்தைகளின் நோட்டுக்கு அட்டை போட அது உதவியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட மோசமான எதிரி பிரேம் கடைக்காரர். படங்கள் உள்ள நூல்களுக்கு மட்டுமே நேரும் மரணம் இது. புத்தகமாக விற்பதைவிட, படங்களைத் தனித்தனியாக வெட்டிக் கண்ணாடி போட்டு விற்றால் பணம் அதிகம். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' நூலில் 144 படங்கள். மதுரையும் மாமல்லபுரமும்கூட அதில் உண்டு. ஓட்டல் வரவேற்பறைகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் மாட்டியிருக்கும் டேனியல் படங்களில் அசலானவை பல, ஏதோ ஒரு முழுத் தொகுப்பு சிதைக்கப்பட்டதன் மிச்சம். அப்படி ஒன்றைப் பார்க்கும்போது அழகாக இருக்கிறதே என்று சொல்வதா, அடடா என்பதா என்று எனக்குத் தெரிவதில்லை.

கையெழுத்துக்கு வருவோம். எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் கையெழுத்தைத் தேடலாம், ஒரே ஒரு புத்தகத்தைத் தவிர என்று பேராசிரியர் சொல்வார். அது வங்காளக் குழந்தைகள் எல்லாருக்கும் மனப்பாடமான 'ஆபோல் தாபோல்.' எழுதியதும் படம் வரைந்ததும் சுகுமார் ராய், சத்யஜித் ராயின் தந்தை. பாதி வாத்தும் பாதி முள்ளம்பன்றியுமாக ஒரு பிராணி, சிரிக்கவே கூடாது என்று தவிக்கும் இன்னொரு பிராணி. அர்த்தமில்லாமல் இருப்பதையே அர்த்தமாகக் கொண்ட உலகம் அது.

சுகுமார் சாதாரண ஓவியர் அல்ல, அச்சுத் தொழில் தெரிந்தவர். அவருடைய தந்தை உபேந்திரகிஷோர், ஆஃப்டோன் பிளாக் முறையில் புதிய ஆய்வுகள் செய்து பிரிட்டனின் அச்சுத்துறைப் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதியவர். கல்கத்தாவில் சொந்தமாக யு.ராய் அண்ட் சன்ஸ் என்ற அச்சகத்தை நிறுவினார். மகனும் லண்டனிலும் மான்செஸ்டரிலும் போய் அச்சுக்கலை படித்துத் திரும்பினார். எழுத்து, படம், பிளாக், அச்சு எல்லாமே ஒரு குடும்பத்தின் கைக்குள் இருந்தன. இந்தியப் புத்தக வரலாற்றில் இப்படி அமைந்த வீடுகள் குறைவு.

பிறகு காலா அசார் காய்ச்சல் வந்தது. அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படுக்கையில் கிடந்தபடியே சுகுமார் பாடல்களைத் தொகுத்து, பக்கங்களை அமைத்து, அட்டையையும் வரைந்தார். 1923 செப்டம்பர் 10ஆம் தேதி இறந்தார். வயது 35. புத்தகம் வெளிவந்தது செப்டம்பர் 19ஆம் தேதி. ஒன்பது நாள் இடைவெளி. மகன் சத்யஜித்துக்கு அப்போது வயது இரண்டு.

எனவே 'ஆபோல் தாபோல்' முதல் பதிப்பில் ஆசிரியரின் கையெழுத்தோடு யாராவது ஒரு பிரதியைக் காட்டினால் லென்ஸ் தேவையில்லை. காலண்டர் போதும். கையெழுத்தில்லாத முதல் பதிப்பு கிடைப்பதே அரிது. குழந்தைகள் புத்தகங்களுக்கு உள்ள விதி இது: அன்பு அதிகமானால் ஆயுள் குறைவு. கிழித்து, கிறுக்கி, எச்சில் தொட்டுப் புரட்டிப் படித்தே முடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் 'பொன்னியின் செல்வன்' தொடரை மணியம் ஓவியங்களோடு கத்தரித்து பைண்டு செய்து வைத்த வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அந்தத் தொகுப்பு எத்தனை அத்தைகளின் கை மாறியிருக்கும்!

ஓவியங்கள் உள்ள நூலில் யார் கையெழுத்து வேண்டும் என்பதும் ஒரு வழக்கு. எழுதியவரா, வரைந்தவரா? ஆர்.கே. நாராயண் 1964இல் வெளியிட்ட 'காட்ஸ், டீமன்ஸ் அண்ட் அதர்ஸ்' நூலுக்குத் தம்பி ஆர்.கே. லட்சுமண் படம் வரைந்தார். சிலப்பதிகாரக் கதையும் அதில் இருக்கிறது. அண்ணன் மைசூரில், தம்பி பம்பாயில். இருவரின் கையெழுத்தும் ஒரே பிரதியில் இருந்தால் அதை வைத்திருப்பவர் இரு ஊர்களுக்கும் பெட்டியோடு அலைந்திருக்க வேண்டும், அல்லது குடும்பத்துக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். நாராயண் 2001இலும் லட்சுமண் 2015இலும் மறைந்தபிறகு அந்த வாய்ப்பும் முடிந்தது. பறவைப் பிரியர்களின் நிலை கொஞ்சம் மேல். சாலிம் அலியின் 'தி புக் ஆஃப் இண்டியன் பேர்ட்ஸ்' 1941இல் வந்தது. அவர் 1987 வரை வாழ்ந்தார். கையெழுத்து கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் பிந்தைய பதிப்புகளில்.

இந்த நாட்டில் ஓவியங்களும் கையெழுத்துகளும் ஒன்றுசேர்ந்த மிகப் பெரிய நூல் எது என்று கேட்டால், சேகரிப்பாளர் அல்லாதவர்கள் ஊகிக்க மாட்டார்கள். அரசியல் சாசனம்தான்.

1950 ஜனவரி 24ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டார்கள். ஒன்று அச்சிட்டது, மற்ற இரண்டும், ஆங்கிலத்திலும் இந்தியிலும், கையால் எழுதியவை. ஆங்கிலப் பிரதியை எழுதியவர் டெல்லியைச் சேர்ந்த பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. கூலி வேண்டாம், ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயரும் கடைசிப் பக்கத்தில் என் தாத்தா பெயரும் இருக்கட்டும் என்று அவர் நேருவிடம் கேட்டதாகச் சொல்வார்கள். பக்கங்களை அலங்கரித்தது சாந்திநிகேதனில் நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும். மொஹஞ்சதாரோ காளை முத்திரையில் தொடங்கி 22 படங்கள். நடராஜரும் மாமல்லபுரத்து தவச் சிற்பமும் அதில் நம் பங்கு. முகவுரைப் பக்கத்தின் கரை வேலை பியோஹர் ராம்மனோகர் சின்ஹாவுடையது. ஒரு மூலையில் தேவநாகரியில் 'ராம்' என்று சின்னதாகத் தன் பெயரைப் போட்டிருக்கிறார். முடிவில் 284 கையெழுத்துகள். நேரு முந்திக் கையெழுத்திட்டுவிட, சபைத் தலைவரான ராஜேந்திர பிரசாத் மேலே மிஞ்சிய சந்தில் சாய்வாக நுழைத்து எழுதியிருப்பதைப் பக்கத்தைப் பார்த்தாலே காணலாம்.

அசல் நாடாளுமன்ற நூலகத்தில், ஆக்சிஜன் நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் தேடுவது, டேராடூனில் சர்வே ஆஃப் இந்தியா அலுவலகத்தில் ஃபோட்டோலித்தோ முறையில் அச்சிட்ட 1,000 பிரதிகளை. நாட்டின் வரைபடங்களை அச்சிட்ட இயந்திரங்களே இதையும் அச்சிட்டன. அந்த இயந்திரங்கள் பின்னாளில் கழற்றப்பட்டுப் பழைய இரும்பாகப் போய்விட்டன. பிரதிகளோ விலை ஏறிக்கொண்டிருக்கின்றன. 2024 ஜூலையில் மும்பையின் சாஃப்ரனார்ட் நடத்திய ஏலத்தில் ஒரு பிரதி ரூ. 48 லட்சத்துக்குப் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பிரதிகளில் உள்ள 284 கையெழுத்துகளும் அச்சு. பேனா முனை பட்ட ஒரு புள்ளிகூட இல்லை. ஆனாலும் அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் செய்வதுதான் போலி. அச்சு என்று தெரிந்தே வாங்குகிறவன் ஏமாறவில்லை. உண்மையில், அங்கே வருகிறவர்கள் பலர் நடராஜரைப் பார்ப்பதில்லை. நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய் விரலால் வரிவரியாகத் தேடுகிறார்கள், தம் ஊர்க்காரர் பெயர் இருக்கிறதா என்று.

தேடும் இடங்களும் மாறிவிட்டன. சென்னையின் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. டெல்லி தரியாகஞ்ச் நடைபாதையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை 2019இல் மகிளா ஹாட் வளாகத்துக்குள் தள்ளப்பட்டது. கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எடை போட்டு வாங்கியதற்குள் அபூர்வம் ஒன்று ஒளிந்திருந்த காலம் ஏறக்குறைய போய்விட்டது. கடைக்காரர் இப்போது முதலில் செல்போனில் விலை பார்க்கிறார், பிறகுதான் நிமிர்கிறார். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் சுலபமல்ல. நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருட்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை. நந்தலால், ககனேந்திரநாத், அவனீந்திரநாத் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் மூலப் படைப்புகளுக்கு வயது வரம்பே இல்லை.

என் புத்தகத்தை அந்தக் கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் சண்டை போடவில்லை. கொடுத்த விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டு திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நியாயமான பேரம் என்றே முதலில் தோன்றியது. அவர் அதை எங்கே வைப்பார் என்று கேட்டேன். கண்ணாடி அலமாரியைக் காட்டினார், பழைய இடத்தை.

வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். பேராசிரியர் சொல்லிக்கொடுத்தபடி, பின்னட்டையின் உள்பக்கத்தில், மென்மையான பென்சிலால், சின்ன எழுத்தில் எழுதினேன்: 'தலைப்புப் பக்கத்துக் கையெழுத்து போலி, பால்பாயிண்ட்.' கீழே தேதி போட்டேன். என் கையெழுத்தையும் போடலாமா என்று கேட்டேன். "அதனால் விலை ஏறாது" என்றார்.