ஒரு புள்ளிக்கு ஒரு முடிச்சு! மதுரை சுங்குடியில் நடக்கும் நிற விளையாட்டு

மதுரை:

உங்க வீட்டு பீரோவில் மதுரை சுங்குடி சேலை இருக்கிறதா? எடுத்து அந்தப் புள்ளிகளை ஒருமுறை உத்துப் பாருங்க. கையால் முடிச்சு போட்டதா, அச்சில் அடித்ததா என்பது தெரிந்துவிடும்.

சுங்குடி, மதுரை வாழ் சௌராஷ்டிர மக்களின் பரம்பரைத் தொழில். வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத்தான் சேலையிலும். ஆனால் மாவுக்குப் பதில் நூல்!

கடுகளவு முடிச்சு

வெள்ளைத் துணியை மடித்து அடையாளம் வைக்கிறார்கள். அந்த இடத்தில் துணியைக் கடுகளவு கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சு. ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கில். கண்ணும் இடுப்பும் என்னாகும்? பிறகு சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் சாயம் இறங்காது. காய்ந்ததும் துணியை இழுத்தால் படபடவென முடிச்சு அவிழும். உள்ளே வெள்ளைப் புள்ளி.

நிற விளையாட்டு இனிமேல்தான். வெள்ளையில் சில முடிச்சு போட்டு மஞ்சள் சாயத்தில் முக்குவார்கள். அதை அவிழ்க்காமலே இன்னும் சில முடிச்சு போட்டு சிவப்பில் முக்குவார்கள். எல்லாம் அவிழ்த்தால் சிவப்புச் சேலையில் வெள்ளைப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பக்கம் பக்கமாக நிற்கும். சிவப்புக்குப் பதில் நீலம் என்றால், மஞ்சளோடு சேர்ந்து சேலையே பச்சையாகிவிடும். வெளிர் நிறம்தான் முதலில். மாற்றிச் செய்தால் போச்சு, கறுப்பு மேல மஞ்சள் ஏறுமா என்ன?

அந்தக் காலத்தில் நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு சாயவேர். சாயம் துணியைப் பிடித்துக்கொள்ள படிகாரம். கடுக்காய்த் தண்ணியில் ஊறிய துணி, இரும்புத் துரு நீரில் பட்டால் கறுத்துவிடும். பின்னால் கெமிக்கல் சாயம் வந்து இதையெல்லாம் ஓரங்கட்டியது.

மெழுகு வந்தது

அடுத்து மெழுகு அச்சு வந்தது. உருக்கிய மெழுகில் அச்சைத் தோய்த்துத் துணியில் வைத்தால் ஒரே குத்தில் பல புள்ளி. மெழுகு உருகாமல் இருக்க குளிர்ந்த சாயம், கடைசியில் மெழுகை எடுக்க கொதிக்கிற தண்ணீர். விலையும் குறைவு. அப்புறம் ஸ்கிரீன் பிரிண்டும் வந்தது. வீட்டிலிருந்து முடிச்சு போடும் பெண்களுக்கு கூலி சொற்பம். பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவார்களா? 2005-ல் மதுரை சுங்குடிக்கு புவிசார் குறியீடு கிடைத்தும், கை முடிச்சுச் சேலை அபூர்வமாகிவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கை முடிச்சில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. இஸ்திரி போடாத சேலை என்றால் புள்ளி லேசாகக் குமிழ்ந்திருக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, பின்பக்கம் நிறம் வெளுத்திருக்கும். எதுவானாலும் முதல் தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்க.