நாற்காலியின் பிரேக் போதாதா?

சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஒருவரைச் சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றுகிறார்கள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டாயிற்று. இன்னும் எதற்குப் பட்டையும் பெல்ட்டும்?

அந்த பிரேக் பின்சக்கர டயரைத்தான் அழுத்திப் பிடிக்கிறது. வேனின் தரையோடு நாற்காலிக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. 40 கி.மீ. வேகத்தில் போகும் வேன் மோதி நின்றால், நாற்காலி அதே வேகத்தில் முன்னே பாயும். இரண்டாம் மாடியிலிருந்து, அதாவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. பக்கத்தில் இருப்பவர் கையால் பிடித்துக்கொள்வார் என்பதெல்லாம் வீண் நம்பிக்கை.

ஆகவே நாற்காலிக்குத் தனிக் கட்டு, ஆளுக்குத் தனி பெல்ட். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பட்டைகள் தரைக் கொக்கியிலிருந்து நாற்காலியின் உறுதியான சட்டத்துக்குப் போகவேண்டும். சக்கரத்திலோ கழற்றி மாட்டும் கைதாங்கியிலோ கட்டினால் அது பிய்த்துக்கொண்டு வரும். நாற்காலி முன்னோக்கி நிற்கட்டும். பக்கவாட்டில் நிறுத்தினால் எளிதில் கவிழும். ஆளின் பெல்ட் இடுப்பெலும்பில் தாழப் படியவேண்டும். வயிற்றின்மேல் ஏறினால் குடல் நசுங்கும். நாற்காலியோடு வரும் பெல்ட் பெரும்பாலும் நிமிர்ந்து உட்கார உதவுவதுதான், மோதலுக்கானது அல்ல.

பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏறவும், நிறுத்திப் பூட்டவும் வசதி வேண்டும் என்ற மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் 2020 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. படியேறும் பேருந்தை நம்பியிருக்கும் ஊர்களுக்கு விதி காகிதத்தில்தான்.

வாடகை வேன் பேசும்போதே தரையில் கொக்கி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், முடிந்தவரை ஆளை வண்டியின் சீட்டுக்கு மாற்றி பெல்ட் போடுங்கள். காலி நாற்காலியையும் மடக்கிக் கட்டிவையுங்கள்.