வயிற்றில் ஒளிந்திருந்த நோய்

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் பூசை முடிந்து நாம் வெளியே வந்தபோது, ஒரு தாய் தம் மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணுக்கு வயது 24. திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. "சாமி, பிள்ளைக்கு ஏழு மாசமா வயித்து வலிங்க. தலையில கை வச்சுச் செபிச்சு விடுங்க" என்றார் தாய்.

நாம் செபித்தோம். பிறகு, "வேளைக்குச் சாப்பிடாமல் டீயும் வடையுமாக ஓவர்டைம் பார்த்தால் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?" என்று அப்பெண்ணைக் கடிந்தும் அனுப்பினோம். அந்தச் சொல்லை இன்று நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. அவளைத் தாக்கியிருந்தது மருத்துவர்களையே திகைக்க வைக்கும் நோய் என்பதை நாம் அன்று அறியவில்லை. அறியாதவர் அறிந்தவர்போல் பேசியது நம் தவறு.

ஊர் சொன்ன வைத்தியம்

மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கித் தின்றாள். குடல் ஏறிவிட்டது என்று ஒரு பாட்டி வயிற்றைத் தட்டிவிட்டார். ஒருவர் செய்வினை என்று கயிறு கட்டினார். வலி நின்றபாடில்லை. சாப்பிட்ட சற்று நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும். வயிற்றுக்குள் வாயு பந்துபோல் உருண்டு திரண்டு, ஓரிடத்தில் நின்று, பின் இரைச்சலோடு கலையும். மாலையானால் காய்ச்சல். 48 கிலோ இருந்தவள் 37 கிலோவுக்கு இறங்கினாள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது.

அப்போது அவளுக்குத் திருமணம் நிச்சயமாகி, கோவிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. மணமாகாத பெண்ணின் வயிறு உப்பினால் ஊர் என்ன பேசும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் தந்தை நம்மிடம் வந்து, "அடுத்த ஓலையை வாசிக்க வேண்டாம் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பெண் வேலைக்கும் போகாமல், கோவிலுக்கும் வராமல், வீட்டுக்குள் முடங்கினாள்.

புற்றுநோயோ என்ற அச்சம்

ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தது. குடலை மூடியுள்ள கொழுப்புத் திரை தடித்திருந்தது. சி.ஏ. 125 என்னும் இரத்தச் சோதனையின் அளவும் கூடியிருந்தது. இவை மூன்றும் சேர்ந்தால் சூலகப் புற்றுநோயை நினைப்பது இயல்பே. "பெரிய ஆபரேஷன் வேண்டியிருக்கும்" என்றார்கள். தந்தை தமக்கிருந்த ஒரே வீட்டு மனையை விற்க ஆள் பார்த்தார்.

கோவையில் அவர்கள் அடுத்துக் கண்ட அறுவை மருத்துவர் நிதானமானவர். அவர் சொன்னதை அத்தந்தை நம்மிடம் அப்படியே ஒப்பித்தார்: "இதே மூன்று அடையாளங்களும் வயிற்றுக் காசநோயிலும் வரும். கண்ணால் பார்த்து, துண்டெடுத்துச் சோதிக்காமல் நான் எதையும் வெட்டி எறிய மாட்டேன்." தொப்புள் அருகே சிறு துளையிட்டுக் குழல்வழி உள்ளே பார்த்தார். குடலின்மீதும் வயிற்றின் உட்சவ்வின்மீதும் தினை இறைத்தாற்போல் வெள்ளை வெள்ளையாக நுண்ணிய மணிகள். எடுத்த துண்டைச் சோதித்ததில் காசநோய் என்பது உறுதியாயிற்று. மனை விற்கப்படவில்லை, பெண்ணின் சூலகங்களும் தப்பின.

ஏன் இவ்வளவு தடுமாற்றம்?

காசநோய் என்றால் இருமலும் சளியும் இரத்தமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் 1882 இல் ராபர்ட் காக் கண்டறிந்த அக்கிருமி, நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்துக் கட்டி, எலும்பு, மூளையுறை, குடல் என எங்கும் குடியேறும். கிருமியுள்ள சளியை விழுங்குவதாலும், இரத்தத்தின் வழியாகவும், நோயுற்ற மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதாலும் அது வயிற்றை அடையலாம். சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடமே அது மிகுதியாகத் தங்கும் இடம். குடல்வாலும் அங்கேதான் இருப்பதால், குடல்வால் அழற்சி என்று மயங்கவும் இடமுண்டு.

வயிற்றுக் காசநோயாளிகள் பலருக்கு மார்பு எக்ஸ்ரே பழுதின்றி இருக்கும். சளியிலும் கிருமி இராது. 1932 இல் குரோன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் துணைவரும் விவரித்த குடல் அழற்சி நோயும் ஏறத்தாழ இதே உருவில் வரும். அந்நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தைக் காசநோயாளிக்குத் தவறிக் கொடுத்தால், உள்ளிருக்கும் கிருமி கட்டவிழ்ந்து பரவும். ஆகவேதான் நல்ல மருத்துவர்கள் ஒரு சோதனையை மட்டும் நம்பாமல், ஸ்கேன், குடலை உள்நோக்கும் குழல், துண்டுச் சோதனை, கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை என்று பலவற்றையும் சேர்த்து எடைபோடுகிறார்கள். "எத்தனை டெஸ்ட்!" என்று நாம் சலித்துக்கொள்ளும்போது இதையும் நினைக்க வேண்டும்.

கத்தி தேவைப்பட்ட வேளை

மாத்திரைகள் தொடங்கின. காய்ச்சல் நின்றது, பசி எடுத்தது. ஆனால் மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் வயிறு கல்லாக வீங்கி, பச்சையாக வாந்தியெடுத்தாள். மருந்து பலிக்கவில்லை என்று வீட்டார் அலறினர். உண்மையில், குடற்புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குடலின் வழி இரண்டிடங்களில் நூல்போல் குறுகிவிட்டது. மூக்குவழிக் குழாயிட்டு இரண்டு நாள் பார்த்தும் அடைப்பு விலகவில்லை. அறுவை செய்தே ஆக வேண்டியதாயிற்று.

முற்காலத்தில் இத்தகைய குடற்பகுதிகளை நீளமாக வெட்டி எடுப்பதுண்டு. மிகுதியாக வெட்டினால் உண்ட உணவு உடம்பில் ஒட்டாது. 1977 இல் நம் நாட்டு அறுவை மருத்துவர் கட்டாரியாவும் அவர் துணைவரும் வேறொரு வழியை வெளியிட்டார்கள். குறுகிய இடத்தை நீளவாக்கில் கீறி, குறுக்குவாக்கில் தைப்பது என்பதே அது. நம் பகுதித் தையற்காரர்களுக்கு இது உடனே விளங்கும். இறுக்கமான கையை நெடுக்கில் பிரித்துக் குறுக்கில் தைத்தால் நீளம் சற்றுக் குறையும், அகலம் கூடும், துணி வீணாகாது. காசநோய்க்கென இங்கே கையாண்ட இம்முறையை, 1982 இல் இங்கிலாந்தில் லீ என்பவர் குரோன் நோய்க்கும் பயன்படுத்தி வெளியிட, உலகெங்கும் பரவியது.

அறுவைக்கு முன்னிரவில் நாம் புனித எண்ணெயுடன் சென்றோம். எம்மைக் கண்டதும் பெண்ணின் பாட்டி, "அவஸ்தைப்பூசுதலா? அப்போ என் கண்ணு போயிருமா சாமி?" என்று கதறினார். இறப்பவருக்கு மட்டும் உரியதன்று இந்த அருட்சாதனம். கடும் நோயுற்றோருக்குத் திடம் தருவது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இலேயே தெளிவாக்கியும், நம் வீடுகளில் அந்தப் பழைய அச்சம் போகவில்லை. அப்பெண் மட்டும் கலங்காமல் நெற்றியையும் கைகளையும் நீட்டினாள். மறுநாள் இரண்டிடங்களிலும் குடல் வெட்டி எடுக்கப்படாமல் விரித்துத் தைக்கப்பட்டது.

மருந்தும் மன்றாட்டும்

நாம் போற்றும் சிறுமலர், குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள், லிசியே கார்மேல் மடத்தில் 1897 செப்டம்பர் 30 அன்று இறந்தபோது அவருக்கும் வயது 24 தான். நுரையீரலை அரித்த காசநோய் குடலுக்கும் பரவி, அவரைப் பெரும் வேதனைக்கு உள்ளாக்கியது. அவருக்குக் கொடுக்க எந்த மருத்துவரிடமும் மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943 இல். அவருக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி உண்ணாமல் விடுவது எவ்வளவு பெரிய நன்றிகேடு!

முன்பெல்லாம் காசநோய் என்றால், அண்டையிலுள்ள பெருந்துறைச் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் அதே பலன் உண்டென்று 1959 இல் உலகுக்குக் காட்டியது. அதே மையம், வயிற்றுக் காசநோய்க்கும் ஆறு மாத மருந்து போதும் என்று 1997 இல் வெளியிட்டது.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை சேர்ந்து வந்தால், மருந்துக் கடையோடு நில்லாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்; அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, ஓயாத வாந்தி வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைக் காணுங்கள். உடம்பு தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். நுரையீரலில் நோயின்றி வயிற்றில் மட்டும் காசநோய் உள்ளவரிடமிருந்து பொதுவாக அது பிறருக்குத் தொற்றாது. அவருக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் போடுவது அறியாமை. சத்துணவுக்காக அரசு தரும் மாத உதவி 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். இ.எஸ்.ஐ. அட்டையுள்ளோர், காசநோய்க்கான நீடித்த நோய்க்கால உதவித்தொகை பற்றிக் கேட்டறியுங்கள். தகுதியுள்ளோருக்குக் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். சன்னலில்லாத அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் எனத் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளருக்கும் இச்செய்திகளைச் சொல்லுங்கள்.

சீராக்கின் ஞானம் 38 ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். நோயாளி செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடங்கொடுக்கவும் வேண்டும் என இரண்டையும் அது ஒருங்கே கேட்கிறது. நற்செய்தியாளர் லூக்காவும் மருத்துவரே அன்றோ?

அப்பெண்ணின் நின்றுபோன திருமணம் நின்றதாகவே போயிற்று. ஆறு மாத மருந்தையும் ஒரு நாள் தவறாமல் முடித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். இரண்டாண்டுகள் கழித்து வேறொரு வரன் வந்தபோது, பெற்றோர் மறைக்க நினைத்த அனைத்தையும் அவளே அப்பையனிடம் சொன்னாள். வயிற்றில் தழும்பு உண்டு என்பதையும் சொன்னாள். அவன் கேட்டது ஒரே கேள்வி: "இப்ப நல்லாச் சாப்பிடறீங்களா?"

அவர்களுடைய மூன்று ஓலைகளையும் நாமே வாசித்தோம். இப்போது வயிற்று வலியென்று எவர் வந்து நின்றாலும் நாம் செபிக்கிறோம், கடிந்துகொள்வதில்லை. எத்தனை நாளாக வலி, மாலையில் காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டு, அன்றே மருத்துவரிடம் அனுப்புகிறோம்.