வெள்ளிக்கிழமை பிரியாணியும் மற்ற ஆறு நாள்களும்



சென்ற மாதம் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் மருத்துவ உதவி மனுவுடன் வந்தார். வயது 46. காந்தி மார்க்கெட்டிலிருந்து சரக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டுகிறார். கால் பெருவிரலில் செருப்பு உரசி வந்த சிறு புண் ஆறாமல் பெரிதாகி, கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதே மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். இரண்டு மாதமாக வண்டி ஓடவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பாக்கி நிற்கிறது.

மனுவைக் கொடுத்துவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார்: "இனிமே பிரியாணியே சாப்பிடக் கூடாதா பாய்? நான் வெள்ளிக்கிழமை மட்டும்தானே சாப்பிட்டேன்?"

அவரை மறுபடியும் உட்கார வைத்து, மற்ற நாள்களில் என்ன சாப்பிடுவார் என்று விசாரித்தோம். விடிகாலையில் மார்க்கெட்டில் ஒரு டீ, லோடு ஏற்றும்போது ஒரு டீ. இப்படி மாலைக்குள் ஐந்து ஆகிவிடும். எல்லாம் சர்க்கரை போட்டதுதான். மதியம் தட்டு நிறையச் சோறும் குழம்பும். காய் பெயருக்கு ஒரு கரண்டி. மாலையில் இரண்டு சமோசா. வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகும் என்பதால் வழியிலேயே பரோட்டா. நாள் முழுவதும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே வேலை.

அவர் சொல்லி முடித்தபோது கேள்விக்கான பதிலும் அதிலேயே இருந்தது. வாரம் ஒரு வேளை பிரியாணியைவிட, வாரத்தில் மீதமிருக்கும் இருபது வேளைகள்தான் உடம்பைத் தீர்மானிக்கின்றன. இந்த இதழில் அதைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சோறு, இட்லி, பரோட்டா, சர்க்கரை எல்லாம் செரித்தபின் குளுக்கோஸாக இரத்தத்தில் சேர்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுக்கோஸைத் தசைகளுக்குள் அனுப்புகிறது. உழைக்கும் தசை அதை எரித்துவிடும். உடம்பு அசையாமல் இருந்து, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் சேர்ந்துவிட்டால் இன்சுலின் சொல்வதைத் தசைகள் சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஒரு கட்டத்தில் களைத்துப் போகிறது. இரத்தத்தில் சர்க்கரை தங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படித் தங்கும் சர்க்கரை கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவற்றை அரிக்கிறது. கால் நரம்பு மரத்துப் போனால் செருப்பு உரசுவதுகூடத் தெரியாது. நம் சகோதரருக்கு நேர்ந்தது அதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், ஏறத்தாழ 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. ஏழு பேர் இல்லாத குடும்பம் நம் ஜமாஅத்தில் எத்தனை?

சென்னை சொன்ன நல்ல செய்தி

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நம் மாநிலத்திலேயே செய்த ஓர் ஆய்வு நமக்கு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பிரிவுகளாகப் பிரித்துச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவுகள் 2006இல் வெளிவந்தன.

வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 100க்கு 55 பேர் மூன்று ஆண்டுக்குள் சர்க்கரை நோயாளி ஆனார்கள். தினமும் அரை மணி நேரம் நடந்து, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து, உணவை ஒழுங்குபடுத்திக்கொண்ட பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட பிரிவிலும் ஏறக்குறைய அதே பலன்தான். மாத்திரை செய்த வேலையை நடையும் தட்டும் செய்துவிட்டன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழக்கத்தை மாற்றிக்கொண்ட அந்தப் பிரிவினருக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. "ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கலையே" என்று நடையை விட்டுவிடும் சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் டீ கிளாஸ்

ஒரு தேக்கரண்டி சர்க்கரை என்பது 4 முதல் 5 கிராம். ஒரு டீக்கு இரண்டு கரண்டி என்றால், ஐந்து டீயில் 40 முதல் 50 கிராம். நாள் முழுவதும் எல்லா உணவிலும் சேர்த்து, ஒருவர் கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டீயிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. பிஸ்கட், சர்பத், பாட்டில் பானம் எல்லாம் அதற்கு மேல்.

ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். டீ மாஸ்டரிடம் "சர்க்கரை கம்மி" என்று சொல்லத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். ஐந்து டீயை மூன்றாக்குவது அடுத்த படி.

தட்டைப் பாதியாகப் பிரியுங்கள்

மதியத் தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் அல்லது கறி. எந்தப் புத்தகமும் தராசும் இதற்குத் தேவையில்லை. நமது கே.கே. நகர் உழவர் சந்தையில் காலையில் பத்து நிமிடம் செலவிட்டால் அன்றைய காய்க்கு வழி பிறந்துவிடும்.

"ராத்திரி சோறு சாப்பிடுறதில்லை, சப்பாத்திதான்" என்று பலர் சொல்கிறார்கள். ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் சோற்றை விட்டதில் லாபம் இல்லை. கம்பு, கேழ்வரகு நல்லவைதான். அவற்றிலும் மாவுச்சத்து உண்டு, அளவு வேண்டும். பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே சாப்பிடுவது நல்லது. மாலைப் பசிக்குச் சமோசாவுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டலோ வேர்க்கடலையோ போதும்.

நம் வீட்டுத் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை, வீணாக்கக் கூடாதே என்று நீங்கள் சாப்பிட்டு முடிக்கிறீர்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு நேரங்கெட்ட நேரத்தில் உட்காருகிறீர்கள். வீண்விரயம் கூடாது என்பது மார்க்கம்தான். ஆனால் பசியில்லாத வயிற்றில் போடுவதும் விரயமே. பிள்ளைகளுக்கு முதலில் குறைவாக வையுங்கள். வேண்டுமென்றால் கேட்டு வாங்கட்டும். மிச்சம் விழாது.

நடக்க நேரம் எங்கே?

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை அசைத்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். அதை மொத்தமாக ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்பதில்லை. வீட்டிலிருந்து பள்ளிவாசல் பத்து நிமிடத் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் மட்டும் வண்டியை எடுக்காமல் நடந்துபோய் வந்தால் ஒரு நாளுக்கு 40 நிமிடம் ஆயிற்று. பள்ளிக்கு எடுத்து வைக்கும் அடிகளுக்குள்ள நன்மையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பிட்டவுடன் படுக்காமல் பத்து நிமிடம் நடந்தால், அப்போதுதான் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும். சகோதரிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து மாலையில் தெருவிலோ மொட்டை மாடியிலோ நடக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்தாலும் தொடைத் தசைக்கு வேலைதான். தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளுடன் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. எட்டு கிலோமீட்டர் முடியாதவர்கள் ஒரு கிலோமீட்டரில் ஆரம்பியுங்கள். நெஞ்சு வலியோ காலில் புண்ணோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே நடக்க வேண்டும்.

விருந்து விருந்தாகவே இருக்கட்டும்

வலிமாவுக்கு அழைத்தால் போக வேண்டும். போனால் மகிழ்ச்சியாகச் சாப்பிட வேண்டும். பெருநாளன்று பிர்னியை வேண்டாமென்று தள்ளி வீட்டாரின் மனதை நோகடிக்க வேண்டியதில்லை. விருந்து தன் எல்லையைத் தாண்டி மறுநாளுக்குள் வருவதில்தான் சிக்கல். மதியம் சாப்பிட்ட வலிமா பிரியாணி பார்சலாகவும் வீட்டுக்கு வருகிறது. இரவும் அதுவே, மறுநாள் காலையும் சூடுபண்ணி அதுவே. அதே வாரத்தில் ஒரு பெயர் வைக்கும் விருந்து, ஒரு புதுமனை விருந்து. இப்படியே மாதம் போய்விடுகிறது.

சில எளிய வழிகள் உண்டு. ஒரு முறை வைத்ததோடு நிறுத்துங்கள். பச்சடியையும் தால்சாவில் உள்ள காயையும் ஒதுக்காமல் சாப்பிடுங்கள். பிரெட் அல்வா, ஐஸ்கிரீம், பாட்டில் பானம் மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அன்றிரவு ரசமோ, காய் சூப்போ போதும். விருந்து வைப்பவர்கள் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தி அள்ளி வைக்க வேண்டாம். கேட்டு வைப்பதும் உபசரிப்புதான். இரண்டு இனிப்பை ஒன்றாக்கிப் பழம் வைத்தால் செலவும் குறையும். கடன் வாங்கி வலிமா நடத்தும் குடும்பங்களை அறிந்தவர்கள் என்ற முறையில் இதைச் சொல்கிறோம்.

நோன்பு மாதத்திலும் இதே கணக்குதான். அரிசி, பருப்பு, வெந்தயம் சேர்ந்த நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதனுடன் தினமும் வடையும் சமோசாவும் சர்பத்தும் சேரும்போதுதான் முப்பது நாளில் எடை ஏறிவிடுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தையும் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்தது திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. அதே மார்க்கம்தான் விருந்தையும் சுன்னத்தாக்கியது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் என்றால் நலம். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126ம் அதற்கு மேலும் என்றால் மருத்துவர் மறுபடியும் பார்த்து உறுதி செய்வார். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அதுவும் எச்சரிக்கைதான். தையல் நாடா எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லை" என்று கதவைச் சாத்தாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், யாரோ சொன்ன கஷாயத்தை நம்பி அதை நிறுத்தவும் வேண்டாம்.

அந்தச் சகோதரருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "மருத்துவர் சொல்லும் அளவில் வெள்ளிக்கிழமை ஒரு கரண்டி பிரியாணி இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற ஆறு நாளையும் மாற்றுங்கள்." மனுவை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டோம். விரலைத் திருப்பித் தர நம்மால் ஆகாது. அடுத்த மனு உங்கள் வீட்டிலிருந்து வரக் கூடாது என்பதே நமது ஆசை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், அவன் தந்த உடலைப் பேணும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்