பரிசு வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே

"எங்கள் பிள்ளைக்கு எதிலும் அக்கறையே இல்லை" என்று சொல்லாத பெற்றோர் நம் சங்கத்தில் குறைவு. ஊர் விட்டு ஊர் வந்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இரட்டிப்பு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ், கையில் செல்போன். இந்த 'அக்கறை' மூளையில் எங்கே பிறக்கிறது என்று விஞ்ஞானிகள் எழுபது ஆண்டுகளாகத் தேடி வருகிறார்கள். நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்; டிப்ளமா படித்தவன், டாக்டர் அல்ல. ஆனால் இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது நமக்குத் தெரிந்த சிக்னல் வேலைதானே என்று தோன்றியது.

கனடாவில், மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, லேசான மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கம்பி அவர்கள் குறி வைத்த இடத்துக்குப் போகாமல் சற்று விலகி வேறிடத்தில் நின்றுவிட்டது. அதுவே அதிர்ஷ்டமாயிற்று. எந்த மூலையில் மின்சாரம் கிடைத்ததோ, அந்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப வந்தது. தானே அழுத்திக்கொள்ள ஒரு விசை வைத்தார்கள்; அதை விடாமல் அழுத்தியது. 1954-இல் இதை வெளியிட்டார்கள். பிறகு நடந்த சோதனைகளில் மணிக்கு 2000 தடவைக்கு மேல் அழுத்திய எலிகளும் உண்டு. பசித்த எலிகூடத் தீனியை விட்டுவிட்டு விசையிடம் போயிற்று. மூளையில் 'இன்ப மையம்' இருக்கிறது என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பெயர் அவ்வளவு சரியில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்த இடத்தில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் கதைக்குள் வருகிறது. சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கும் ரிசர்பின் என்ற மருந்தை, ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபா என்ற பொருளை ஊசி போட்டதும் எழுந்து ஓடின. இது 1957-இல். இதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சிக்கு 2000-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. டோபமைன் என்பது ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி சொல்லும் ரசாயனம். அது இல்லாவிட்டால் உடம்பு இருக்கும், கிளம்ப மனம் இருக்காது.

இனிதான் சிக்னல். சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்கின் டோபமைன் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் அவை படபடவென்று துடித்தன. பிறகு ஒரு விளக்கு எரிந்தபின் சாறு வரும்படி பழக்கினார். சில நாட்களில் துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது; சாறு வந்தபோது துடிப்பு இல்லை! விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அதே நொடியில் வழக்கமான துடிப்பும் குறைந்தது. ஸ்டேஷனுக்குள் விடும் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே டிஸ்டன்ட் சிக்னல் நிற்கும். டிரைவர் அதைப் பார்த்த உடனே தயாராகிவிடுவார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதுதான். 1997-இல் ஷுல்ட்ஸும் இரண்டு கணித வல்லுநர்களும் சேர்ந்து இதற்கு விளக்கம் எழுதினார்கள்: இந்த நரம்பணுக்கள் அளப்பது பரிசை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இன்னும் ஒன்றைக் காட்டினார். டோபமைன் அழிக்கப்பட்ட எலி, தீனி பக்கத்தில் இருந்தாலும் தானாகத் தின்னாது. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் ரசித்து நக்கும். ருசி வேறு, வேண்டும் என்ற வேகம் வேறு. செல்போனை மணிக்கணக்கில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பையனிடம் "என்ன பார்த்தாய், நன்றாக இருந்ததா?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை தாத்தா" என்பான். பொய் சொல்லவில்லை. அடுத்தது என்னவோ என்ற மணியோசைதான் அவனை இழுக்கிறது. யானை வருவதே இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்தப் பழக்கத்துக்கென்றே 2014-இல் தனி கிளினிக் தொடங்க வேண்டியதாயிற்று.

அதே நிம்ஹான்ஸில் நடந்த எலிச் சோதனை ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. எலிகளை 21 நாள், தினமும் 6 மணி நேரம், அசைய முடியாமல் அடைத்து வைத்தார்கள். நினைவாற்றலுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. எலிகள் வழி தெரியாமல் தடுமாறின. பிறகு அவற்றுக்கு ஓல்ட்ஸ் வைத்த மாதிரி விசை கொடுத்தார்கள். சில நாட்களில் சுருங்கிய கிளைகள் மீண்டும் வளர்ந்தன, தடுமாற்றமும் தீர்ந்தது. 2008-இல் வெளியானது இது. எலிக்கு நேர்வதெல்லாம் மனிதனுக்கு அப்படியே நேரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும், அப்பாவுக்கு மாற்றலாகி நடுவருடத்தில் புதுப் பள்ளிக்கு வந்து, பாஷை புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை 'மந்தம்' என்று சொல்லுமுன் கொஞ்சம் பொறுக்கலாம்.

பரிசு என்றால் தின்பண்டமும் காசும் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் எலிகளுக்கு இரண்டு விசைகள். ஒன்றை அழுத்தினால் போதைமருந்து, இன்னொன்றை அழுத்தினால் ஒரு கதவு திறந்து வேறொரு எலியின் துணை. போதைக்குப் பழகிய எலிகளும் பெரும்பாலும் துணையையே தேர்ந்தெடுத்தன!

இதையெல்லாம் எழுதக் காரணம், நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. வருகை குறைந்துவிட்டது, வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் வாராவாரம் பரிசு அறிவிக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை இருக்கிறது. நல்லெண்ணம்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. மார்க் லெப்பர் என்பவரும் நண்பர்களும் 1973-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. படம் வரைவதில் பிரியமுள்ள சிறு குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் வரைந்தபின் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே ஆசை காட்டப்பட்டவர்கள் மற்றவர்களைப்போல் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் பிரியம் குறையவில்லை.

ஆகவே பரிசு வேண்டாம் என்பதல்ல என் வாதம். பட்டியல் போட்டு ஒட்டாமல், ஒரு குழந்தை பாட்டிக்குத் தமிழில் தானே கடிதம் எழுதிக் கொண்டுவந்த அன்று, சொல்லாமல் கொடுப்போம். வகுப்பு 12 மணிக்கு முடிந்ததும் விளக்கை அணைத்து எல்லோரையும் அனுப்பிவிடாமல், குழந்தைகள் தமிழில் பேசி விளையாட ஒரு மணி வரை மண்டபத்தைத் திறந்து வைப்போம். சாவி என்னிடம் இருக்கட்டும். பூட்டிவிட்டுப் போக நான் தயார்.