கோடை தாண்டி வரும் வயல் பாசி

'கோடை முழுக்க வயல் காய்ந்து கிடந்தது. நடவு செய்த பத்தாம் நாளே பச்சைப்பாசி படர்கிறது. எங்கிருந்து வருகிறது?' என்று வாணியாறு பாசனப் பகுதி விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அது வயலிலேயேதான் இருந்தது. கையில் அள்ளினால் வழுவழுப்பான நூலாக வரும் ஸ்பைரோகைரா பாசி, தண்ணீர் வற்றும்போது தடித்த தோலுள்ள வித்துகளாகி மண்ணில் தங்கிவிடும். காய்ச்சலைத் தாங்கும் இந்தக் குணம்தான் செடிகொடிகளைத் தரைக்குக் கொண்டுவந்தது. சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன், பச்சைப்பாசியில் ஒரு கிளை கரையேறியது. ஈரம் காக்கும் மெழுகுப்பூச்சு முதலில் வந்தது, வேர் பிறகுதான். நம் கேழ்வரகும் அந்த வம்சம்தான்.

ஈர மண்ணில் வளரும் ஃபிரிட்சியெல்லா என்ற பாசியை எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னையிலிருந்து 1932-ல் உலகுக்கு அறிவித்தார். ஒரு பாகம் மண்ணுக்குள், ஒரு பாகம் வெளியே. செடிகளின் மூதாதை இப்படித்தான் இருந்திருக்கும் என்று எங்கள் காலத்தில் பாடம் நடந்தது. செல் பிரியும் விதத்தைப் பார்த்தபின் அது தூரத்துச் சொந்தமாகிவிட்டது. மரபணு ஆய்வுப்படி நெருங்கிய பங்காளி, உங்கள் வயலில் மிதக்கும் ஸ்பைரோகைராவின் குடும்பம்தான்!

பங்காளி என்றாலும் இளநாற்றைச் சுற்றி அமுக்க விடக்கூடாது. நாற்று வேர் பிடித்தபின் தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டை நிற்கிற தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் தீனி. கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிடுங்கள்.