வெட்னரிக்கு எந்த குரூப்?

ஊருக்குள் உயிர்கள் – 11

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதிலிருந்து மயிலாப்பூர், அடையாறு பக்கத்துப் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “பொண்ணு வெட்னரி டாக்டர் ஆகணும்னு நிக்கிறா. காலேஜ்ல எந்த சயின்ஸ் மேஜர் எடுத்தா சரியா வரும்?” சிலர் ராணி மேரி கல்லூரியில் விலங்கியலுக்கு விண்ணப்பம் போடும் முடிவோடுதான் கேட்கவே வருகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. அங்கே பொதுவாக நான்காண்டு இளநிலைப் படிப்புக்குப் பிறகுதான் நான்காண்டுக் கால்நடை மருத்துவம். அந்த முதல் படிப்பில் எதை மேஜராக எடுத்தாலும், கல்லூரிகள் கேட்கும் உயிரியல், வேதியியல், இயற்பியல் தாள்களை முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நம்மூர்க் கதை வேறு. பி.வி.எஸ்சி. பிளஸ் டூ முடித்த கையோடு சேருகிற படிப்பு; நாலரை ஆண்டு பாடம், அதன்பின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு அதைக் காட்டி வெட்னரி இரண்டாம் ஆண்டில் நுழைய வழி கிடையாது. ஆகவே ஒரு பிள்ளை கால்நடை மருத்துவத்துக்கான பாடத்தைத் தேர்ந்தெடுப்பது பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில், பள்ளி அலுவலகத்து வாசலில்.

தி.நகரில் ஒரு பள்ளியில் அப்படியொரு காலையில் நின்றிருக்கிறேன். கையில் பைலோடு ஒரு அப்பா, பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு மகள். “கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடுங்க சார். நாய், பூனை ஆசையெல்லாம் ரெண்டு வருஷத்துல சரியாயிடும்” என்றார் அவர். எழுத்தர் கட்டத்தில் ஒரு டிக் அடித்தார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அவருக்கு மகள்மேல் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த பத்திரமான வழி அதுதான். ஆனால் அந்த ஒரு டிக்கில் வேப்பேரி அவள் கையைவிட்டுப் போயிற்று. உயிரியல் இல்லாத குரூப்பில் படித்தவர் பி.வி.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கவே முடியாது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தரவரிசைக்கு எடுக்கும் கணக்கு எளிது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு அந்த உயிரியல் 100-ல் தாவரவியல் பாதி, விலங்கியல் பாதி. கணக்குப் பாடம் இதில் வராது. அப்படியானால் ப்யூர் சயின்ஸ் போதாதா, கணக்கும் சேர்ந்த பயோ மேத்ஸ் எதற்கு என்று கேட்பார்கள். பிள்ளைக்குக் கணக்கு ஓரளவு வருமென்றால் பயோ மேத்ஸே எடுக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். வெட்னரியில் விலங்கு மரபியல், இனவிருத்தி பாடத்தோடு புள்ளியியலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடம் கிடைக்காமல் போனாலும், அதே பல்கலைக்கழகம் கொடுவள்ளியில் நடத்தும் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் போன்ற பி.டெக். படிப்புகளுக்குக் கணக்குக் கைகொடுக்கும். ஆனால் கணக்கு என்றாலே இரவில் தூக்கம் வராத பிள்ளையை அதற்குள் தள்ளாதீர்கள். ப்யூர் சயின்ஸில் மிச்சமாகும் நேரத்தில் இயற்பியலிலும் வேதியியலிலும் நாலு மதிப்பெண் கூட வாங்கிவிடும்.

தாவரவியலைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்னரிக்குப் போகிறவளுக்குச் செடிகொடி எதற்கு என்று அதை ஏனோதானோவென்று படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கட்-ஆஃபில் 50 மதிப்பெண் அதில் இருக்கிறது என்பது ஒருபக்கம். மறுபக்கம், மாட்டுக்கு நஞ்சாவதும் செடிதான். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சற்று நேரத்தில் சாய்ந்துவிடும் என்பது கிராமத்தில் பாட்டிமாருக்கே தெரியும். அந்தப் பயிரிலிருந்து சயனைடு உண்டாகிறது. மயிலாப்பூர் வீட்டு வாசல் அரளி, ஆடு மாடு கடித்தால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மாடு என்ன தின்றது என்று கண்டுபிடிக்கத் தெரியாத மருத்துவரால் அதைக் காப்பாற்றுவது கடினம்.

வேதியியலுக்கு உதாரணம் அடையாறில் ஒரு சிறிய கிளினிக்கில் கண்ணெதிரே கிடைத்தது. அட்டைப் பெட்டியில் ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது, முகமும் முன்னங்கால் பாதங்களும் வீங்கியிருந்தன. டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு பழுப்பு நிறம். “ஜுரம்னு மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களாம்மா?” என்று கேட்டார். கொடுத்திருந்தார்கள், பாரசிட்டமால், அதுவும் பாதி மாத்திரை. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. நம் கல்லீரல் பாரசிட்டமாலை குளுக்குரோனிக் அமிலத்தோடு கோத்து வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. தேங்கிப்போன மருந்தின் சிதைவுப்பொருள் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்க, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து பழுப்பாகிறது. டாக்டரம்மா அதற்கான மாற்று மருந்தை எடையைப் பார்த்து அளந்துகொண்டிருந்தபோது, பிளஸ் டூ கரிம வேதியியலைச் சபிக்கும் பிள்ளைகள் இங்கே வந்து ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

மாட்டுக்குக் கொடுத்த மருந்து கழுகுகளைக் கொன்ற கதையும் இதே ரகம். டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன. காரணம் தெரிந்தபின் 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது. தமிழ்நாட்டில் இன்று பாறு கழுகுகளைப் பார்க்கப் பெரும்பாலும் மோயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். ஒரு மருந்து எந்த உடம்பில் என்னவாக மாறுகிறது என்ற கேள்விதான் கால்நடை மருத்துவத்தின் நடு நரம்பு. எம்.பி.பி.எஸ். படிப்பவர் ஒரே உடம்பைப் படிக்கிறார். வெட்னரி படிப்பவர்கள் அசைபோடும் மாட்டையும், வாந்தி எடுக்க முடியாத குதிரையையும், நுரையீரலோடு காற்றுப்பைகளும் கொண்ட கோழியையும் சேர்த்துப் படிக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, சரி இதையாவது படிப்போம் என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களுக்காகவும், அவர்களிடம் வரப்போகும் மாடுகளுக்காகவும்.

நீட் பற்றிய குழப்பமும் நிறைய. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் நிரப்பும் 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு நீட் மதிப்பெண் வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மயிலாப்பூர் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வீட்டில் இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

குரூப் எடுப்பதற்கு முன்னால் இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு காலையில் பிள்ளையை வேப்பேரி மருத்துவமனை புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தோளில் கிளியோடும் சாக்கில் கோழியோடும் ஊரே வரிசையில் நிற்கும். சீழ், ரத்தம், சாணம் எல்லாம் இருக்கும். ‘யானை டாக்டர்’ கதையைப் படித்துவிட்டு இந்த ஆசை வந்த பிள்ளைகள் அநேகம். அதில் வரும் டாக்டர் கே என்கிற வி. கிருஷ்ணமூர்த்தி நிஜமான மனிதர், அவர் வாழ்நாளெல்லாம் புழங்கியது அந்தச் சீழிலும் சாணத்திலும்தான். அதைப் பார்த்தும் ஆசை குறையாத பிள்ளைக்கு நீங்கள் வேறு சோதனை வைக்க வேண்டியதில்லை.

இனி, இடம் கிடைக்காமல் போனால் என்ன மேஜர் என்ற பழைய கேள்விக்கு வருகிறேன். விலங்கியல் நல்ல படிப்பு, ஆனால் வெட்னரிக்குக் காத்திருக்கும் அறையாக அதை எடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்தாலும் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும். கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணை யாரும் கேட்கப்போவதில்லை. விலங்கியலை அதற்காகவே எடுக்கும் பிள்ளைக்குப் போக இடமிருக்கிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் கற்பிக்கிறார்கள். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு. இப்படிப் போகிறவர் புலியைப் பின்தொடரலாம், யானை வழித்தடத்தை வரைபடமாக்கலாம். அடிபட்ட மானுக்கு ஊசி போடவோ அறுவை செய்யவோ முடியாது. 1984-ன் இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி அதற்குப் பட்டமும் பதிவும் வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளையிடம் உடைத்துச் சொல்லிவிட்டு, அவள் எதை விரும்புகிறாள் என்று அவளையே கேட்டு, பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

(தொடரும்)